கோடாக்ஸ் ஏடி200 ப்ரோ: வெயிலுக்கு அரைப் பாஸ், மண்டபத்துக்கு முழுப் பாஸ்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஃப்ரீலான்ஸாகக் கல்யாணம் எடுப்பவர் பையில் கேமரா மேல் மாட்டும் சின்ன ஃபிளாஷ், அதாவது ஸ்பீட்லைட், இரண்டாவது இருக்கும். அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டால் வரும் பதில், பெரும்பாலும் பேட்டரியில் ஓடும் தனி ஃபிளாஷான கோடாக்ஸ் ஏடி200 ப்ரோ. பதிலில் தப்பில்லை. ஆனால் பலர் இதைக் கத்திரி வெயிலை ஜெயிக்கத்தான் வாங்குகிறார்கள். இது சம்பாதித்துக் கொடுப்பதோ மண்டபத்துக்குள்.

பவர் 200 வாட்-செகண்ட். சாதாரண ஸ்பீட்லைட்டைவிடச் சுமார் ஒன்றரை ஸ்டாப் கூடுதல் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). பேட்டரி, தலை எல்லாம் சேர்த்து 900 கிராம் வாக்கில் வரும். பெட்டியிலேயே இரண்டு தலை கொடுக்கிறார்கள்: வெளிச்சத்தை முன்பக்கமாகக் குவிக்கும் சப்பையான ஃப்ரெனல் தலை ஒன்று, நாலா பக்கமும் பரப்பும் வெறும் பல்பு தலை ஒன்று. பேட்டரி 14.4 வோல்ட், 2900 எம்ஏஹெச். முழு பவரில் 500 ஃபிளாஷ், ரீசைக்கிள் (அடுத்த ஃபிளாஷுக்குத் தயாராகும் நேரம்) 1.8 செகண்ட் என்பது கம்பெனி கணக்கு.

தாலி கட்டும் நேரத்தில்தான் இதன் அருமை தெரியும். மூன்று முடிச்சு விழுவதற்குள் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போய், நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கும். அந்த இடத்தில் முழு பவரில் வைத்திருந்தால் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு செகண்ட் போய்விடும். ஒரு முடிச்சே அதில் போய்விடலாம். இன்னொரு சிக்கல், முழு பவரில் ஃபிளாஷ் எரியும் நேரம் சுமார் 1/220 செகண்ட். காற்றில் பறக்கும் அரிசி மணி மணியாகத் தெரியாமல் கோடு கோடாக இழுக்கும். பவரைக் குறைக்கக் குறைக்க ஃபிளாஷ் எரியும் நேரமும் சுருங்கும். 1/8-ல் வைத்தால் மஞ்சள் அரிசி அந்தரத்தில் நிற்கும், ரீசைக்கிளும் கால் செகண்ட் அளவுக்கு வந்துவிடும். ஸ்பீட்லைட்டிலிருந்து இதே வெளிச்சம் எடுக்க 1/3 பவருக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும், அது திணறும். கூடுதல் காசு கொடுப்பது இந்த இடத்துக்குத்தான்.

தொடங்க ஒரு செட்டிங்: ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 1/100, ஃபிளாஷ் 1/8 பவரில் வெறும் பல்பு தலையோடு, மேடைக்கு 3 மீட்டர் தள்ளி, ஆளுயரத்துக்கு மேலே. ஷட்டரை 1/100-ல் வைப்பதற்குக் காரணம் மேடைக்குப் பின்னாலிருக்கும் எல்இடி. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50, 1/100-ல் பட்டை விழுவது குறைவு. எல்இடி ஸ்கிரீன் வைத்திருந்தால் கணக்கு மாறும், டெஸ்ட் ஷாட் போடாமல் நம்பக் கூடாது. மேலே வெள்ளை சீலிங் இருந்தால் அதில் அடித்து வெளிச்சத்தைத் திருப்பி பவுன்ஸ் பண்ணலாம். ஆனால் இப்போது பாதி மண்டபத்தில் ரோஸ் துணி கட்டித் தொங்கவிடுகிறார்கள். அதில் அடித்தால் மாப்பிள்ளை முகமும் ரோஸாகிவிடும்.

மேடை விளக்கு மஞ்சளாக இருந்தால் ஃபிளாஷுக்கு ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) போட்டு ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்குக் கொண்டு வாருங்கள். முக்கால் ஸ்டாப் அளவுக்கு வெளிச்சம் போகும், 200 வாட்-செகண்டில் அதைத் தாங்கலாம். ஜெல் இல்லாமல் எடுத்தால் முகம் வெள்ளையாகவும் பின்னணி தேங்காய் எண்ணெய் விளக்கு வைத்த மாதிரியும் இருக்கும். ஆல்பம் டிசைனரால் அதைச் சரி செய்ய முடியாது. ஹோமம் எரியும்போது லைட்டைப் புகைக்குப் பின்னால் வைக்காதீர்கள். பக்கவாட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் படம் முழுக்க வெள்ளைத் திரைதான்.

பவரைத் தானாகக் கணக்கிடும் டிடிஎல் இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனாலும் நம் ஊர் உடைக்கு அது ஒத்து வருவதில்லை. பட்டு வேட்டியைப் பார்த்ததும் வெளிச்சத்தைக் குறைக்கும், ஜரிகை மின்னினால் இன்னும் குறைக்கும், முகம் கறுத்துவிடும். மேடையில் தூரம் மாறாது என்பதால் மேனுவல்தான் நிம்மதி.

அடிக்கடி கேட்கும் புகார், "ஃபிளாஷ் தானாக அடிக்கிறது" என்பது. ஒரே மண்டபத்தில் பெண் வீட்டார் ஏற்பாடு செய்தவர், மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்தவர் என்று இரண்டு பேர், இருவரிடமும் கோடாக்ஸ், இருவரும் சேனல் 1, குரூப் ஏ. அப்புறம் ஏன் அடிக்காது? கேமரா மேல் மாட்டும் ட்ரிகரிலும் ஃபிளாஷிலும் ஐடி என்று ஒன்று இருக்கிறது, 01 முதல் 99 வரை. அடுத்தவர் வைக்காத ஒரு எண்ணை உங்கள் ட்ரிகர், ஃபிளாஷ் இரண்டிலும் போட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. அடுத்தவர் ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பார்த்து அடிக்கும் எஸ்1, எஸ்2 ஆப்டிகல் மோடில் மறந்தும் விடாதீர்கள். சித்தப்பா கேமரா ஃபிளாஷுக்கும் எதிரொலி கொடுக்கும். ஒரு மீட்டருக்குள் லைட் வைத்தால் சில நேரம் அடிக்காது. ட்ரிகர் மெனுவில் தூரத்தை 0–30 மீட்டருக்கு மாற்றினால் சரியாகும்.

இனி வெயில். வேலூர்க் கோட்டையில் அவுட்டோர் எடுக்காத ஜோடி இங்கே குறைவு. மே மாத மதியம், கருங்கல் மதில், அகழி ஓரம். ஐஎஸ்ஓ 100-ல் வெயிலுக்கு எஃப் 16, 1/100 என்று வைத்துக்கொண்டால் எஃப் 4-க்கு ஷட்டர் 1/1600 வேண்டும். அதற்கு ஹெச்எஸ்எஸ் (வேகமான ஷட்டரோடு ஃபிளாஷ் அடிக்கும் முறை) போட்டாக வேண்டும், போட்டதும் பவர் பாதாளத்துக்கு இறங்கும். வெளிச்சத்தை மிருதுவாக்கும் சாஃப்ட்பாக்ஸும் மாட்டினால் லைட்டை ஜோடிக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் கொண்டு போக வேண்டும். இடுப்பளவு ஃப்ரேமுக்குச் சரி, முழு உருவத்துக்கு லைட்டே ஃப்ரேமில் வந்துவிடும். வழி உண்டு. லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர், 3 ஸ்டாப், போட்டு 1/200, எஃப் 4-ல் ஹெச்எஸ்எஸ் இல்லாத சாதாரண சிங்க் முறையில் எடுங்கள். ஹெச்எஸ்எஸ்ஸில் வீணாவதில் ஒரு ஸ்டாப்புக்கு மேல் மிச்சமாகும், லைட்டும் சீக்கிரம் சூடாகாது. தொடர்ந்து முழு பவரில் அடித்தால் பாதுகாப்புக்காக அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது நிழலில் வைத்துப் பத்து நிமிடம் விட வேண்டியதுதான். சாயங்காலம் நாலரைக்கு மேல் ஜோடியை வரச் சொல்வது இதையெல்லாம்விட மலிவான வழி.

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் கீழ் இருப்பதால் ஸ்டாண்டு, லைட் என்று விரித்து வைக்க முன் அனுமதி வேண்டும். ஏலகிரியில் வேறு தொல்லை, காற்று. சாஃப்ட்பாக்ஸ் பாய்மரம் மாதிரி சாயும், ஸ்டாண்டு காலில் மணல் மூட்டை தொங்கவிடாமல் நகராதீர்கள். எடை குறைவு என்பதால் மோனோபாடில் மாட்டி லைட் பிடிக்கிற தம்பியிடம் கொடுப்பது இன்னும் நல்லது.

குறை சொல்வதென்றால், வெறும் பல்பு தலையில் மாடலிங் லைட், அதாவது நிழலைப் பார்க்கத் தொடர்ந்து எரியும் சின்ன விளக்கு, கிடையாது. விடியற்கால முகூர்த்தத்துக்கு இருட்டில் நிழல் எங்கே விழும் என்று பார்க்க வழியில்லை. அது ஃப்ரெனல் தலையில் மட்டும்தான். அந்தப் பல்பும் சொகுசுப் பிள்ளை. விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டி அந்த இடம் சூடாகும், துணியால்தான் தொட வேண்டும். பையில் வைக்கும்போது மூடி போடாமல் வைத்தால் பஸ் பயணத்திலேயே உடையும். தலை மாற்றும் முன் ஆஃப் செய்து கொஞ்சம் பொறுங்கள், கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது. பேட்டரியை முழுதாக ஏற்றியோ காலியாகவோ பீரோவில் போட்டுவிடாதீர்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்துக் கழற்றி வையுங்கள். அந்தமானில் பீச் கல்யாணம் பிடித்தவர்களுக்கு: இந்த பேட்டரி 42 வாட்-ஹவர்கூட இல்லை, விமானத்தின் 100 வரம்புக்குள் அடங்கும், ஆனால் எக்ஸ்ட்ரா பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். அங்கே உப்புக் காற்று தலை மாட்டும் பின்களில் படியும், தினமும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் போகட்டும், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க வியர்க்கும்.

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டதால் பழைய ப்ரோ செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. வாங்கும்போது பல்பின் ஓரம் கறுத்திருக்கிறதா, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் வேண்டவே வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் முழு பவரில் இருபது தடவை அடித்துப் பாருங்கள். கடைசி ஷாட்டுக்கு மூன்று செகண்டுக்கு மேல் எடுத்தால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.