மேஸ்திரியின் சொல் நிற்குமா? முதலாளிக்கு மூன்று வழிகள்

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் ஒரு டைல் பட்டறை. டைல் கல் இன்னும் இரண்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறட்டும் என்கிறார் மேஸ்திரி. வாங்குகிறவருக்கு அவசரம். வேலை செய்யும் பையன் நேரே முதலாளிக்குப் போன் போடுகிறான்.

முதல் வழி, முதலாளியே முடிவு சொல்வது: "சரி, எடுத்துக் கொடுத்துடு." வேலை உடனே நடக்கும். ஆனால் அடுத்த வாரம் லீவு, அட்வான்ஸ் எதற்கும் மேஸ்திரியை யாரும் கேட்க மாட்டார்கள். அவரும் "எதுக்கும் முதலாளியைக் கேட்டுக்கங்கப்பா" என்று ஒதுங்கிவிடுவார். மூன்றில் மோசமானது இதுதான்.

இரண்டாவது, "மேஸ்திரி சொன்னா சொன்னதுதான்" என்று எப்போதும் அவர் பக்கமே நிற்பது. முதலாவதைவிட மேல். ஆனால் மேஸ்திரி கூலிக் கணக்கில் ஓரவஞ்சனை செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? நல்ல கைகள் சத்தமில்லாமல் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

மூன்றாவது, எல்லையை முன்பே பேசிவிட்டு அதற்குள் தலையிடாமல் இருப்பது. செட்டிநாட்டுக்கு இது புதிதல்ல. பர்மா, மலாயாவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடல் கடந்த கடையை ஏஜெண்ட் நடத்துவார். அவருக்குப் பெரும்பாலும் மூன்று வருடத் தவணை, அதாவது பணிக்காலம். சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதி, முதலாளி பேரில் கையெழுத்துப் போடும் அதிகாரமும் கொடுத்து அனுப்புவார்கள். கடிதம் கப்பலில் போன காலம். யாருக்குக் கடன் கொடுப்பது என்று தினமும் ஊரிலிருந்து உத்தரவு போட வழியே இல்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. ஐந்தொகை, அதாவது கடையின் மொத்தக் கணக்கு, ஊருக்கு வந்தாக வேண்டும். தவணை முடிந்ததும் அடுத்த ஏஜெண்ட் வந்து கணக்கை ஒப்புக்கொள்வார்.

அன்று தூரம் முதலாளியின் கையைக் கட்டியது. இன்று கையில் போன் இருப்பதால் அவரேதான் கட்டிக்கொள்ள வேண்டும். கல் எப்போது வெளியே போகும், யாருக்கு லீவு, எவ்வளவு வரை அட்வான்ஸ் என்பதெல்லாம் மேஸ்திரி பொறுப்பு. ஆளை வேலையை விட்டு நிறுத்துவதும், மேஸ்திரி மேலேயே வரும் புகாரும் முதலாளிக்கு. மற்றபடி போன் வந்தால், "மேஸ்திரிகிட்ட கேட்டியாப்பா?" என்பதே பதில். மேஸ்திரி தவறு செய்தால் தனியே கூப்பிட்டுப் பேசலாம். மாற்றிய முடிவை அவர் வாயாலேயே ஆட்களிடம் சொல்ல விட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வேன். அவர் மரியாதை அங்கேதான் தங்குகிறது.

அப்புறம், இங்கே பல பட்டறைகள் குடும்பத் தொழில். முதலாளி ஒதுங்கி நின்றாலும் மகனோ மைத்துனரோ வந்து வேறு உத்தரவு போட்டால் போச்சு. போட்ட எல்லையை முதலில் வீட்டு ஆட்களிடம் சொல்லிவிட வேண்டும்.