லீ-என்ஃபீல்டு நம்பர் 4 (டி): பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

1942 முதல் பிரிட்டிஷ் ராணுவ ஸ்னைப்பர்கள் கையில் இருந்த இந்த ரைபிளை யாரும் ஸ்னைப்பர் ரைபிளாகத் திட்டமிட்டு உருவாக்கவில்லை. சாதாரணப் படைவீரருக்கான நம்பர் 4 ரைபிள்களைத் தொழிற்சாலையில் சுட்டுப் பார்ப்பார்கள். குண்டுகள் நெருக்கமாக விழுந்தவற்றைத் தனியே எடுத்து ‘டிஆர்’ முத்திரை குத்தி, லண்டனில் உள்ள ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். பணக்காரர்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்து பழகிய கைகள் அவற்றில் ஸ்கோப் மாட்டும் தாங்கியைப் பொருத்தின, கட்டையில் கன்னம் பதிய ஒரு மரத்துண்டைத் திருகின. பிறகு 200 கஜத்தில் ஏழு குண்டும் 5 அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும் என்று சோதித்தன. என்னிடம் இருப்பது அப்படி வந்த ஒன்று. முறையான உரிமத்தோடு வைத்திருக்கிறேன். சர்ரேயில் உள்ள பிஸ்லி மைதானத்தில், பெரும்பாலும் 200 முதல் 600 கஜம் வரை சுடுகிறேன்.

முதலில் ஸ்கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்பர் 32 என்ற இந்த ஸ்கோப் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காகத் திட்டமிடப்பட்டது. அதனால்தான் இவ்வளவு கனம். உருப்பெருக்கம் வெறும் 3.5 மடங்கு. இன்றைய ஸ்கோப்பில் பழகியவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இது போதும். பார்வைப் பரப்பு விரிவாக இருக்கிறது, கூர்முனைத் தூணும் குறுக்குக் கம்பியும் மங்கிய வெளிச்சத்திலும் தெரிகின்றன. முதல் வடிவத்தில் தூரச் சக்கரம் 50 கஜத்துக்கு ஒரு கிளிக். என்னுடையது மார்க் 3. ஒரு நிமிடக் கோணத்துக்கு, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக்கு, ஒரு கிளிக். வாங்குவதானால் மார்க் 3 தேடுங்கள், ஜீரோ செய்வது, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது, எவ்வளவோ சுலபம்.

அப்புறம், போல்ட், அதாவது ஒவ்வொரு தோட்டாவையும் ஏற்றக் கையால் இழுத்துத் தள்ளும் பாகம். பின்னால் இழுப்பதும் முன்னால் தள்ளுவதும் அவ்வளவு வேகம், அவ்வளவு வழுக்கல். கன்னத்தை எடுக்காமலே அடுத்த தோட்டா ஏறிவிடும். இந்தச் சுகத்துக்காகவே இதை விற்க மனம் வரவில்லை.

குறைகளும் உண்டு. ஸ்கோப் மேலே மறைப்பதால் ஐந்து தோட்டா அடங்கிய சார்ஜர் கிளிப்பை நுழைக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். தாங்கியின் முன் திண்டைப் பிடித்திருக்கும் திருகுகள் தளரும். குண்டுகள் திடீரென்று சிதறினால் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். போல்ட் பின்பக்கம் பூட்டிக்கொள்வதால் தோட்டா உறை நீளும். மறுபடி மருந்து நிரப்பும்போது உறையின் கழுத்தை மட்டும் அளவுக்குக் கொண்டுவந்தால் உறைகள் கூடுதல் நாள் உழைக்கும். போர்க்காலத் தோட்டா சுட்டால் அன்றே குழலைக் கொதிநீர் விட்டுக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மரம். குழலுக்குக் கீழே இருக்கும் முன்கட்டை, குழலை முனையில் மேல்நோக்கித் தாங்கும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. ஈரத்தில் மரம் ஊதினால் அந்த அழுத்தம் மாறும், குண்டு விழும் இடமும் நகரும். மழை நாளில் சுட்டுவிட்டு வந்தால், மரம் நன்றாகக் காய்ந்த பிறகு ஜீரோவை மறுபடி சரிபார்ப்பேன்.

ராணுவத்துக்கும் இது தெரியும். 1970 வாக்கில் இதே ரைபிள்களில் ஆயிரத்துச் சொச்சத்தை எடுத்து, கனமான 7.62 மி.மீ. குழல் போட்டு, முன்கட்டையைப் பாதியாக வெட்டிக் குழலைத் தொடாமல் விட்டார்கள். அதுதான் எல்42ஏ1. 1982 ஃபாக்லாந்து போருக்குப் போனது அதுவே. அதன் இடத்துக்கு வந்த எல்96ஏ1, மரத்தையே ஒதுக்கிவிட்டு அலுமினியச் சட்டத்தில் உட்கார்ந்தது. அதை உருவாக்கிய அக்யூரசி இன்டர்நேஷனல் நிறுவனத்தின் மால்கம் கூப்பர் 1984, 1988 ஒலிம்பிக்குகளில் ரைபிள் போட்டியில் தங்கம் வென்றவர். அந்த வகை ரைபிளையும் சுட்டிருக்கிறேன். மழையோ வெயிலோ, ஜீரோ அசையவில்லை. துல்லியம் மட்டும்தான் வேண்டுமென்றால் அதை வாங்குங்கள்.

நம்பர் 4 (டி)தான் வேண்டும் என்றால், கட்டையின் கழுத்தில் குத்தியிருக்கும் எண்ணும் ஸ்கோப்பின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சாதாரண நம்பர் 4இல் ஸ்கோப் மாட்டி விற்பவர்கள் நிறைய. ஹாலண்டின் குறியீடான எஸ்51, கட்டையின் அடிப்பக்கத்தில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். எண்கள் பொருந்தி, குழல் உள்ளே சுத்தமாக இருந்தால், வெளியே மரம் எவ்வளவு அடிபட்டிருந்தாலும் தயங்க வேண்டாம்.