சுண்டெலி இதயத்தை அளக்க எது நல்லது: குளிர்ந்த உப்புநீரா, ஃப்ளோ ப்ரோபா, எக்கோவா?

25 கிராம் சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கும். ஒரு துடிப்பில் அது தள்ளும் ரத்தம் 20 முதல் 40 மைக்ரோலிட்டர்தான், ஒரு சொட்டுக்கும் குறைவு. இதைத் துல்லியமாக அளக்க எந்தக் கருவியை நம்புவது?

தெர்மோடைலூஷன் பழைய முறை. 1954இல் ஃபெக்லர் என்ற ஆய்வாளர் அறிமுகப்படுத்தியது. குளிர்ந்த உப்புநீரை வலது மேலறையில் செலுத்தி, பெருந்தமனியில் ரத்தம் எவ்வளவு குளிர்கிறது என்று பார்ப்பார்கள். 300 கிராம் எலிக்கு இது நன்றாகவே ஒத்துவரும். சுண்டெலிக்கு வேண்டாம் என்பேன். அதன் உடலில் உள்ள மொத்த ரத்தமே சுமார் 2 மில்லிதான். ஒரு தடவை 0.1 மில்லி செலுத்தினாலே 5 சதவீதம் கூடிவிடும். நாலைந்து தடவை செலுத்திவிட்டால், அளக்க வந்த இதயத்தை நாமே மாற்றிவிட்டோம்.

துல்லியத்தில் ஃப்ளோ ப்ரோபை மிஞ்ச ஆளில்லை. பெருந்தமனியைச் சுற்றி மாட்டிய வளையத்தில் அல்ட்ராசவுண்ட் ரத்தம் ஓடும் திசையிலும் எதிர்த்திசையிலும் போகும். இரண்டுக்கும் ஆகும் நேர வித்தியாசத்திலிருந்து ரத்த ஓட்டம் நேரடியாகக் கிடைக்கும். குழாயின் விட்டத்தைத் தனியாக அளக்க வேண்டியதில்லை. ஆனால் நெஞ்சைத் திறந்து, வென்டிலேட்டரில் வைக்க வேண்டும். இதயத் தசைக்குப் போகும் கரோனரி ரத்தமும் கணக்கில் வராது, அது வளையத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது.

அப்புறம் எக்கோ, அதாவது நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே அல்ட்ராசவுண்டால் இதயத்தைத் திரையில் பார்ப்பது. முடியை நீக்கி, சூடான மேடையில் படுக்கவைத்து, ஐசோஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவை மிதமாகக் கொடுத்தால் போதும். அதே சுண்டெலியை வாராவாரம் பார்க்கலாம். மயக்கத்துக்குக் கெட்டமின், சைலசின் கொடுத்தால் துடிப்பு வெகுவாக இறங்கிவிடும். அந்த எண்ணை இயல்பானது என்று எழுதாதீர்கள்.

எக்கோவின் பலவீனம் விட்டம்தான். பெருந்தமனியின் விட்டத்தை வர்க்கப்படுத்தி வரும் குறுக்குப் பரப்பையும், டாப்ளர் முறையில் அளந்த ரத்தத்தின் வேகத்தையும் வைத்துத்தான் இதில் ரத்த அளவைக் கணக்கிடுவார்கள். 1.2 மி.மீ. குழாயை 1.3 என்று குறித்துவிட்டால், வர்க்கப்படுத்தும்போது பிழை 17 சதவீதமாகிறது. திரையில் அது ஒரு கோட்டின் தடிமன்!

அப்படியிருந்தும் பல வாரங்கள் நீளும் ஆய்வுக்கு எக்கோவைத்தான் எடுப்பேன். வளர்ந்த விலங்கில் விட்டம் அவ்வளவாக மாறாது. அதை ஒரே தடவை கவனமாக அளந்து வைத்துக்கொண்டு, டாப்ளர் வேகத்தையும் துடிப்பையும் மட்டும் தொடர்ந்து ஒப்பிடலாம். கடைசி நாளில் சில விலங்குகளில் ஃப்ளோ ப்ரோப் வைத்துச் சரிபார்த்தால் இன்னும் நல்லது. பெருந்தமனியை இறுக்கிக் கட்டும் ஆய்வுகளில் மட்டும் இந்த வழி உதவாது. கட்டுக்கு முன்னுள்ள பகுதி விரிந்துகொண்டே போகும், விட்டத்தை ஒவ்வொரு முறையும் அளந்தே ஆக வேண்டும்.