சுகமளிக்கும் கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து சாத்தான்குளம் வரை எந்த பஸ்ஸில் போனாலும் சுவரெல்லாம் போஸ்டர்தான். குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், அனுமதி இலவசம், வாகன வசதி உண்டு. நான் சபையில் பிறந்து வளர்ந்தவள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், ஜெபத்தை நம்புகிறேன். அந்த நம்பிக்கையோடுதான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 63 வயது. 18 வருடமாகச் சர்க்கரை, கடைசி 6 வருடமாக இன்சுலின். வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஆறாத புண் ஒன்று. வாரம் இரண்டு முறை கட்டு மாற்றுவோம்.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு வெள்ளைச் சேலை கட்டிய இரண்டு சகோதரிகள் வீட்டுக்கு வந்தார்கள். "ஸ்தோத்திரம்மா, ஐயாவோட மேசையில வச்சு ஜெபிக்கணும், எழுதிக் கொடுங்க" என்று ஒரு ஜெபக் குறிப்பு அட்டையை நீட்டினார்கள். பெயர், ஊர், என்ன வியாதி, எத்தனை வருடம், பிள்ளைகள் எத்தனை பேர், எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தது. அம்மா கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்து எழுதினேன். எனக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தையே எழுதிவிட்டேன்: இடது காலில் புண். எழுதிய தப்பு அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் இரவுதான் போனோம். ஆட்டோவிலிருந்து இறங்கி அம்மா தன் காலால்தான் வாசல் வரை நடந்தார். அங்கே பேட்ஜ் குத்திய பையன்கள், "கால்ல கட்டு இருக்கேம்மா, மண்ணுல நடக்காதீங்க" என்று ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். எவ்வளவு கரிசனம் என்று நன்றி சொன்னேன். நேராக முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு நாற்காலிகள் வரிசையாக நின்றன.

ஒரே பல்லவியை அரை மணி நேரம் பாடினார்கள். விளக்கைக் குறைத்தார்கள். கீபோர்டு மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. காணிக்கை சுகமளிப்புக்கு முன்பே எடுத்தாகிவிட்டது. "விதைக்காதவன் எப்படி அறுப்பான்? கழுத்தில் கிடப்பதைக் கர்த்தருக்குக் கொடு, நூறு மடங்காய் வரும்" என்று பிரசங்கியார் கேட்கக் கேட்கச் சுற்றிலும் பெண்கள் கம்மலைக் கழற்றினார்கள். அம்மா இரண்டு வளையலைக் கழற்றிப் பையில் போட்டார். மூன்று பவுன், அப்பா செய்து போட்டது. ரசீது கிடையாது.

அப்புறம் அவர் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். "18 வருஷமாச் சர்க்கரை. இடது காலில் ஆறாத புண். கர்த்தர் உன்னைப் பார்க்கிறார் தாயே!" அம்மா அழுதுவிட்டார். எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். நாற்காலியோடு மேடைக்குத் தூக்கினார்கள். "எழும்பி நட!" என்றார். அம்மா எழுந்து நடந்தார். மைதானமே அல்லேலூயா என்று அதிர்ந்தது. இரண்டு பையன்கள் காலி நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்கள். "வலி இருக்கா?" என்று மைக்கை நீட்டினார். "இல்லய்யா" என்றார் அம்மா. "இனிமே ஊசி எதுக்கு?" என்றார் அவர்.

அந்த ஒரு கேள்விதான் எங்களைக் கவிழ்த்தது. மறுநாள் காலையில் ஃபிரிட்ஜிலிருந்த இன்சுலினை அம்மா குப்பையில் போட்டார். ஊசி போட்டால் சுகத்தை மறுதலித்த மாதிரி ஆகிவிடுமாம். இரண்டு நாள் சண்டை போட்டேன். அப்புறம் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. கூட்டத்தில் 300 ரூபாய்க்கு வாங்கிய ஜெப எண்ணெயைப் புண்ணில் தடவிக்கொண்டிருந்தார்.

பதினோராவது நாள் காய்ச்சலும் பிதற்றலுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை 540. புண் எலும்பு வரை இறங்கியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். மேடையில் வலியே இல்லை என்றாரே என்று டாக்டரிடம் கேட்டேன். "அவங்களுக்கு ரெண்டு வருஷமாவே அந்தப் பாதத்துல வலி தெரியாதும்மா. சர்க்கரையில நரம்பு செத்துப்போனா அப்படித்தான். அதனாலதான் புண்ணே வருது" என்றார். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் சுகத்துக்குச் சாட்சியாகச் சொன்னது நோயின் அடையாளத்தைத்தான்.

அட்மிஷன் படிவத்தில் எந்தக் கால் என்று கேட்டபோது "வலது" என்று எழுதினேன். எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. அவர் மேடையில் சொன்னது இடது. வானத்திலிருந்து வந்த வார்த்தை என் தப்பை எப்படிச் சுமந்து வந்தது?

இது புது வித்தையும் இல்லை. அமெரிக்காவில் பீட்டர் போப்பாஃப் என்ற பிரசங்கியார் இப்படித்தான் பெயர், வியாதி எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 1986-இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணரின் குழு ரேடியோ கருவியோடு கூட்டத்துக்குப் போய், போப்பாஃபின் மனைவி ஜெப அட்டைகளிலிருந்த விவரங்களை ரேடியோ வழியாக அவர் காதுக்குள் சொல்வதைப் பதிவு செய்தது. 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அதை ராண்டி ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சியில் போட்டுக் காட்டினார். மறு வருடமே போப்பாஃப் திவால் மனு கொடுத்தார். நடக்கக்கூடியவர்களைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்திவிட்டு "எழும்பி நட" என்று சொல்லும் வழக்கத்தையும் ராண்டி அம்பலப்படுத்தியிருக்கிறார். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் இதையெல்லாம் படித்தேன். ஒரு மாதம் முன்னால் படித்திருக்கலாம்.

எங்கள் ஜில்லாவுக்கு ஊர் ஊராகப் போகும் ஊழியம் புதிதல்ல. ராக்லாந்து ஐயர் என்ற மிஷனரி 1854-இல் வடதிருநெல்வேலியில் கூடாரம் போட்டுக் கிராமம் கிராமமாக அலைந்தார், 1858-இல் சிவகாசியில் இறந்தார். வேதாகமத்தில் குஷ்டம் நீங்கிய நாகமானிடம் தீர்க்கதரிசி எலிசா எதுவும் வாங்கவில்லை, பின்னால் ஓடிப்போய் வாங்கிய அவர் வேலைக்காரன் கேயாசிக்கு அந்தக் குஷ்டமே வந்தது என்பதையும் எங்களுக்குச் சண்டே ஸ்கூலிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

கூட்டம் நடத்தினவர்களின் ஆபீஸுக்குப் போன் செய்தேன். "விசுவாசக் குறைவு இருந்திருக்கும் சிஸ்டர்" என்றார் எடுத்தவர். வளையலைப் பற்றிக் கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது.

ஜெபத்துக்குப் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அட்டையில் பெயரை மட்டும் எழுதுங்கள், வியாதியை எழுதாதீர்கள். நடக்க முடிகிறவரை நாற்காலியில் உட்கார விடாதீர்கள். நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மேடையில் யார் என்ன சொன்னாலும் இன்சுலினை நிறுத்தாதீர்கள், நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் சொல்லட்டும். எண்ணெய், தாயத்து என்று எதையாவது காட்டிச் சர்க்கரையைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்தால் அந்த விளம்பரத்தைப் பத்திரமாக வையுங்கள். சர்க்கரை நோய்க்கு மந்திர மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடத்துச் சட்டம் தடுக்கிறது, முதல் குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. நான் அந்த எண்ணெய்ப் புட்டியை லேபிளோடு எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா நடக்கிற வீடியோ அவர்கள் சேனலில் இன்னும் ஓடுகிறது. எடுக்கச் சொல்லி மூன்று தடவை எழுதிவிட்டேன், பதில் இல்லை. மஞ்சள் சேலை, வலது காலில் வெள்ளைக் கட்டு. யாராவது அந்த வீடியோவை உங்களுக்கு அனுப்பினால், அந்த அம்மாவுக்குப் பதினோராவது நாள் என்ன ஆனது என்று அனுப்பியவருக்குச் சொல்லுங்கள்.