செண்பகமா, மகிழா: வாவிக்கரை வளவுக்கு எது?

மட்டக்களப்பில் கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி என்று வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வளவு வைத்திருப்பவர்கள் வாசமுள்ள மரம் ஒன்று நட நினைத்தால், பேச்சு கடைசியில் செண்பகம், மகிழ் இரண்டில்தான் வந்து நிற்கும். நான் நட்டது மகிழ். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வாசத்தை மட்டும் பார்த்தால் செண்பகத்தை அடிக்க ஆளில்லை. அக்கா வீட்டு மரத்தில் நாலு பூ விரிந்தால் போதும், படலையைத் திறக்கும்போதே தெரியும். ஒட்டுக் கன்று என்றால் இரண்டு மூன்று வருடத்தில் பூத்தும் விடும். மகிழ் விதைக் கன்றுக்குப் பல வருடம் பொறுக்க வேண்டும். இரண்டும் பச்சை மாறாத மரங்கள், நிழலில் பெரிய வித்தியாசம் இல்லை.

விஷயம் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிறது. எழுவான்கரை, அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கத்து மணல், ஈரத்தைப் பிடித்து வைக்காது. வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசத் தொடங்கினால் கிணறு இறங்கும். வாவியை ஒட்டிய கிணறுகளில் தண்ணீர் உவர்க்கும். செண்பகம் கேட்பதோ ஆழமான, ஈரம் காக்கும் மண். கண்டிப் பக்கம் அதைப் பலகைக்காகவே வளர்க்கிறார்கள், அங்குள்ள மழையும் மண்ணும் அதற்குத் தோது. இங்கே ஆனி ஆடியில் தண்ணீர் ஊற்றாவிட்டால் வாடும், உவர்த்தண்ணீர் ஊற்றினால் கருகும். அந்த நாட்களில் அக்காவின் மரத்து இலை ஒன்றைப் பறித்துப் பாருங்கள்: நுனியிலிருந்து இரண்டு ஓரமும் பழுப்பாகக் காய்ந்து, நடு நரம்பை ஒட்டி மட்டும் பச்சை மிஞ்சியிருக்கும். மாரி மழை மண்ணிலுள்ள உப்பைக் கழுவிய பிறகுதான் நல்ல தளிர் வரும். அதுவரை குழாய்த் தண்ணீரை வாளியில் சுமந்து ஊற்றுகிறார். அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டை அடுக்கியதில் ஈரம் கொஞ்சம் நிற்கிறது, ஆனால் உப்புக்கு அது மருந்தில்லை. பூவுக்காக இவ்வளவு பாடும் படலாம் என்பவர்களை நான் தடுக்க மாட்டேன். என்னால் முடியாது.

மகிழ் இந்த நாட்டுக் காடுகளில் தானாக வளரும் மரம். இலை தடிப்பும் மினுக்கமுமாக இருக்கும். கன்றாக இருந்தபோது ஒன்றிரண்டு கச்சானுக்குத் தண்ணீர் ஊற்றியதோடு சரி. சற்று உவர்ந்த அதே கிணற்றுத் தண்ணீர்தான், இலை கருகவில்லை. பூ சிறியது. விடியற்காலையில் புல்லி மரத்திலேயே நிற்க, இதழ்வட்டம் மட்டும் நட்சத்திரமாகக் கழன்று விழும். நடுவில் துளை இருப்பதால் பிள்ளைகள் ஊசி இல்லாமலே ஈர்க்கில் கோர்த்துவிடுவார்கள். காய்ந்தாலும் மணம் போகாது, அலுமாரியில் சேலைகளுக்கு இடையில் வைக்கலாம். செண்பகம் அடுத்த நாளே கறுத்துவிடும்.

காற்றையும் சிலர் கேட்பார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியில் தென்னைகள் சாய்ந்து கிடந்ததை இந்த ஊர் மறக்காது. மகிழின் கட்டை வைரம், செண்பகத்தினது மென்மை. ஆனாலும் என் மரம் இன்னும் இளசு, பெரிய காற்று எதையும் கண்டதில்லை. அதனால் காற்றை வைத்து மகிழுக்குப் புள்ளி போட மாட்டேன்.

ஈழத்தலரி? கம்பை வெட்டி, பால் காயவிட்டு ஊன்றினால் வந்துவிடும், உவரும் தாங்கும். ஆனால் நிழல் தேவைப்படும் கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கிணறு நன்னீராகவும், மாரியில் வெள்ளம் தேங்காத மேட்டு வளவாகவும் இருந்தால் செண்பகத்தையே நடுங்கள், தேங்கிய நீரும் அதற்கு ஆகாது. கிணற்றை மாரியில் சோதிக்க வேண்டாம், அப்போது உவர்க் கிணறும் நல்லதாகத்தான் தெரியும். ஆடியில் ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்து முடிவெடுங்கள். கன்றை ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும், வீட்டுச் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி, மாட்டெரு கலந்த குழியில் வையுங்கள்.