மடுவில் ஒரு செபமாலைக் கடை: அறுந்த மாலையைத் திருத்த 400 ரூபா

மன்னார் மாவட்டத்து மடு மாதா ஆலயத் திருவிழாவுக்குப் போகிறவர்களிடம் அறுந்துபோன செபமாலை இருந்தால், தயவுசெய்து எறிந்துவிடாமல் கையோடு கொண்டுபோங்கள். ஆலய வளவுக்கு வெளியே கடைகள் வரிசையாகப் போட்டிருப்பார்கள். பாலைப்பழம் விற்பவர்களைத் தாண்டி, மெழுகுதிரிக் கடைகள் முடிகிற இடத்தில் தறப்பாள் கட்டிய சிறிய கடை ஒன்று இருக்கும். பெயர்ப்பலகை கிடையாது. மேசையில் இரண்டு குறடுகளும், உதிரி மணிகள் நிறைந்த ஒரு பேணியும் இருந்தால் அதுதான் கடை. இந்த வருட ஆடித் திருவிழாவில் அதைக் கண்டேன்.

உத்தரியம், பதக்கம், சிறிய மாதா சுரூபம், செபப்புத்தகம் எல்லாம் அங்கேயும் உண்டு. நூலில் கோத்த பிளாஸ்டிக் மாலை 150 ரூபாவிலிருந்து தொடங்குகிறது. மரமணி மாலை 500. இவை மற்றக் கடைகளிலும் இதே விலைதான், தரமும் அப்படித்தான். தம்பிக்கு வாங்கிய நூல்மாலையின் முடிச்சு மூன்று கிழமையில் அவிழ்ந்துவிட்டது. நான் எழுத வந்தது கடை வைத்திருக்கிற அன்ரி செய்கிற திருத்த வேலையைப் பற்றி.

நான் கொண்டுபோனது என் அம்மம்மாவின் மாலை. கறுப்பு மரமணிகள், ஒவ்வொன்றிலும் நெடுக்காக வரி கொத்தியிருக்கும், கம்பி வளையங்களால் கோத்தது. 2008 கடைசியில், போர் நேரம், எங்கள் குடும்பம் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வோர் இடமாகப் போய், பிறகு மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தது. எனக்கு அப்போது இரண்டு வயது. வீட்டுச் சாமான், தையல் இயந்திரம், கடைசியில் உடுப்புப் பையும்கூட வழியில் விடப்பட்டன, மாலை மட்டும் அம்மம்மாவின் கழுத்தில் இருந்தது என்று அம்மா சொல்வார். என் மாமா 2009 மே மாதத்தில் காணாமல் ஆக்கப்பட்டார்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களின் போராட்டம் தொடங்கியபோது அம்மம்மாவும் போய் அமர்ந்தார். மடியில் மாமாவின் படம், கையில் இந்த மாலை. முருகன் வாசலில் இருந்துகொண்டு அவர் மாதாவை மன்றாடினார். பக்கத்தில் இருந்த சைவ அம்மாமார், செபம் முடியும்வரை அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கேதான் போவேன்.

இரவிலும் செபமாலை உண்டு. பத்து மணி ஒரு பத்து, மொத்தம் ஐந்து பத்து. பாயில் படுத்தபடி தொடங்குவார். இரண்டாவது பத்து முடியும்போது குரல் தேய்ந்துபோகும். "மீதியை நீ சொல்லு பிள்ளை" என்பார், அப்படியே நித்திரையாகிவிடுவார். மாலை அவருடைய பொத்திய கைக்குள் இருக்கும். நான் மற்ற மூன்று பத்தையும் விரல்களில் எண்ணிச் சொல்லி முடிப்பேன்.

2022இல் அம்மம்மா இறந்தார். மாமா வரவில்லை. அடக்கத்துக்கு முன் அந்த மாலையை நாங்கள் வைத்துக்கொள்வோம் என்று அம்மா முடிவு செய்தார். இறுகிப் பொத்தியிருந்த விரல்களிலிருந்து எடுக்கும்போது அது அறுந்தது. மணிகள் பிரேதப் பெட்டிக்குக் கீழெல்லாம் சிதறின. பிறகு நான் பொறுக்கி எண்ணியபோது 58 இருந்தன. 59 இருக்க வேண்டும். பவுடர் பேணி ஒன்றுக்குள் போட்டு மூடினேன்.

அத்தோடு நானும் செபத்தை விட்டேன். பதின்மூன்று வருடம் ஒருவர் ஒரே ஒரு காரியத்தைக் கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை. இதை மறைக்கல்வி வகுப்பில் கேட்டேன். படிப்பித்தவர், இப்படிக் கேட்பது விசுவாசம் இல்லாதவர்களின் வேலை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு அப்போது 15 வயது. அந்தச் சொல் எனக்கு எவ்வளவு வலித்தது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. ஞாயிறு காலையில் ரியூசன் வைத்திருந்தார்கள், அதைச் சாட்டாக வைத்துப் பூசைக்கும் போகாமல் விட்டேன். மூன்று வருடம்.

இம்முறை அம்மா வற்புறுத்தித்தான் மடுவுக்கு வந்தேன். வவுனியாவில் மன்னார் பஸ் மாறி, மடுச் சந்தியில் இறங்கி, காட்டுப் பாதையில் உள்ளே போகிறவரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பவுடர் பேணி அம்மாவின் பையில் இருந்தது. வழியில் நகரத்துக் கடை ஒன்றில் காட்டினோம். "இதைத் திருத்துகிற காசுக்குப் புதிதே வாங்கலாம்" என்று பேணியைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பித் தந்தார்கள்.

மடுவில் இந்த அன்ரி பேணியைத் திறந்து, வெள்ளைத் துணி விரித்து, எல்லாவற்றையும் கொட்டினார். மணிகள் இன்னும் கோர்வையாக இருந்த துண்டுகளைப் பதக்கத்திலிருந்து வரிசையாக வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருவிரலால் ஒவ்வொரு மணியாகத் தடவினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை, இந்த மாலைக்காரி இரண்டு பத்தோடு நித்திரையாகிவிடுவாவோ?"

என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். முதல் இரண்டு பத்தில் வரியே இல்லை. மணிகள் புளியங்கொட்டை போல வழுவழுவென்று தேய்ந்திருந்தன. மூன்றாவது பத்திலிருந்து வரிகள் அப்படியே, விரலில் உறைக்கிற கூர்மையோடு இருந்தன. நான் சொன்ன மூன்று பத்துகள் அவை, யாருடைய கையும் அதிகம் படாதவை. கோவில் வாசலில் இருந்த நாட்களிலும் அவர் அந்த இரண்டு பத்தையேதான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார் போலும். பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அழுதேன். அன்ரி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் கம்பியை வெட்டத் தொடங்கினார்.

வேலை எப்படி என்று சொல்ல வேண்டும். வளையத்தை இழுத்து அகட்டினால் அடுத்தமுறை அந்த இடத்தில்தான் அறும். இவர் இரண்டு குறடுகளால் பிடித்துப் பக்கவாட்டில் திருகித் திறக்கிறார், திரும்ப அதே வழியில் மூடுகிறார். துருப்பிடித்த பழைய வளையங்களை எல்லாம் கழற்றித் துருப்பிடிக்காத கம்பியில் புதிதாக வளைத்தார். தொலைந்த மணிக்கு ஈடாகப் பேணியில் தேடினார், வரி கொத்திய மணி இல்லை. பொருந்தாததைப் பொருந்தும் என்று சொல்லித் தலையில் கட்டவில்லை. "நீல மணி ஒன்று இருக்கிறது. எந்த இடத்தில் போடட்டும்?" என்று கேட்டார். மூன்றாவது பத்தின் முதல் மணியாகப் போடச் சொன்னேன்.

ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்றார். கோயிலுக்குள் போனேன். மாதாவின் சுரூபம் மிகச் சிறியது, தூரத்திலிருந்து முகம் தெரியாது. 1670இல் ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்குப் பயந்து மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்கு ஓடிவந்த சுரூபம். 2008 ஏப்ரலில் செல் வீச்சுக்கு நடுவே இங்கிருந்தும் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். "மாதாவும் எங்களோடு இடம்பெயர்ந்தவ" என்று அம்மம்மா அடிக்கடி சொல்வார். அதை நான் கவனித்துக் கேட்டதே இல்லை.

வெளியே மரத்தின் கீழ் பாதர்மார் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றேன். பாதரிடம் மூன்று வருடம் என்றேன், ஏன் என்றும் சொன்னேன். அவர் எனக்கு விளக்கம் எதுவும் தரவில்லை. மாமாவின் பெயரைக் கேட்டார். நாளைக் காலைப் பூசையில் அந்தப் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். பரிகாரமாக ஒரு பத்துச் செபமாலை. மாலை கடையில் இருந்தது. பழையபடி விரல்களில் எண்ணினேன்.

மாலையை வாங்கிக்கொண்டு மந்திரிக்கக் கொடுத்தபோது, சில மணிகளும் கம்பியும் மாறினாலும் இது அதே மாலைதான், பழைய ஆசீர்வாதம் போகாது என்றார் பாதர். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்து தந்தார்.

கூலி 400 ரூபா. அம்மா 500 கொடுத்தார், அன்ரி மீதி நூறைத் திருப்பிக் கையில் வைத்தார். அவசரக்காரர்களுக்கு இந்தக் கடை சரிவராது. திருவிழா அன்று காலையில் திருத்த வேலை எடுக்க மாட்டார், அதற்கு முதல் நாளே போக வேண்டும். தொலைபேசி இலக்கம் கேட்டேன், தரவில்லை. சுற்றித் தர உறையும் இல்லை, கடதாசியில் மடித்துத் தருகிறார்.

இப்போது ஞாயிறு ரியூசனைப் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். மாமாவைப் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. இரவில் மின்சாரம் போனாலும் நீல மணி விரலில் பட்டதும் என் முறை வந்துவிட்டது என்று தெரிகிறது. அதிலிருந்து தொடங்கி மூன்று பத்தும் சொல்கிறேன்.

ஒரு குறை உண்டு: பதக்கத்தோடு சேர்கிற வளையம் ஒன்று கொஞ்சம் இளகியிருக்கிறது. ஆவணித் திருவிழாவுக்குப் போகும்போது அந்த அன்ரியிடமே கொடுத்து இறுக்க வேண்டும்.