டார்ச் அடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்

பழைய ஜூம் லென்ஸ் வாங்கக் கிளம்பும் சேலத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். "உள்ளே பூஞ்சை இருக்குதான்னு டார்ச் அடிச்சுப் பாத்து வாங்கு" என்பதுதான் எல்லாரும் சொல்லும் ஒரே அறிவுரை. நானும் அடித்தேன். ஒரு நூலிழை கூட இல்லை. 14,500 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு ஏமாந்து வந்தேன்.

எனக்குப் படமெடுப்பது தொழில் இல்லை. வாரத்தில் ஆறு நாள் கணக்கு எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பைக்கில் ஏற்காட்டு மலையடிவாரத்தைத் தாண்டிவிட்டால்தான் அந்த வாரம் கணக்கில் சேரும். கையில் இருந்தது நிக்கான் டி5600 கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ். (இந்த எண்கள் மில்லிமீட்டர் கணக்கு; எண் ஏற ஏற, தூரத்தில் இருப்பது கிட்டத் தெரியும்.) போன டிசம்பரில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டச் சரிவு ஒன்றில் காட்டெருமை நின்றது. கிட்டப் போகத் தைரியம் இல்லை, ரோட்டிலிருந்தே எடுத்தேன். வீட்டில் படத்தைப் பார்த்த மனைவி, "எல்லாம் சரி, இதுல எருமை எங்க?" என்றாள். அன்றைக்குப் பிடித்ததுதான் ஜூம் கிறுக்கு.

ஊருக்குள் ஒரு மாடிக்கடை. பெயர் போடவில்லை, ஏன் என்பது பின்னால் வரும். நிக்கானின் 70-300 வி.ஆர். லென்ஸ் (வி.ஆர். என்றால் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) இருக்கிறது என்றார்கள். 2006-இல் வந்த மாடல், பழசுதான், ஆனால் நல்ல பெயர் எடுத்தது. முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. என் கேமராவின் சென்சார் சிறியது என்பதால், அதில் போட்டால் இந்த 300, ஒரு 450 மில்லிமீட்டர் லென்ஸ் அளவுக்குத் தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும். "டாக்டர் ஒருத்தர் வச்சிருந்ததுங்க தம்பி. பீரோவை விட்டு வெளிய எடுத்ததே இல்ல" என்றார் கடைக்காரர். கேட்டதும் எனக்குச் சந்தோஷம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. லென்ஸுக்குப் பீரோவை விட மோசமான இடம் வேறு உண்டா? இருட்டு, காற்றோட்டம் கிடையாது, மழைக்காலத்தில் துணியோடு துணியாக ஈரம். பூஞ்சைக்கு அதுதான் சத்திரம்.

அவரே டார்ச்சை நீட்டினார். முன்னாலிருந்து அடித்தேன், பின்னாலிருந்து அடித்தேன். சுத்தம். ஜூம் வளையத்தின் ரப்பர் மட்டும் விரலில் லேசாகப் பிசுபிசுத்தது. "புது ரப்பர் போட்டிருக்கேன்" என்றார். அதையும் ஒரு சலுகையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் முதல் பயணம். ஏற்காட்டின் பகோடா பாயிண்டில் சூரியன் எழும்போது சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒளிக்கற்றை இறங்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும். நாற்பது படம் எடுத்தேன். அத்தனையும் மோர் ஊற்றிய மாதிரி வெளுத்திருந்தன. கருப்பு என்று ஒரு இடம் கூட இல்லை. ஏற்காடு அல்லவா, பனி என்று நினைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் கான்ட்ராஸ்டை ஏற்றி ஏற்றிச் சமாளித்தேன். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தபோது எடுத்த கொண்டலாத்திப் பறவைப் படங்கள் அருமையாக வந்திருந்தன. அதனால் லென்ஸ் மேல் சந்தேகமே வரவில்லை.

அன்றைக்கு இரவு, அங்கேயே இன்னொரு காட்சிமுனையான லேடீஸ் சீட்டில்தான் குட்டு வெளிப்பட்டது. பனி துளியும் இல்லை. கீழே சேலம் முழுக்க விளக்கு. 70-இல் வைத்து எடுத்தால், ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் பால் வளையம்; படத்தின் நடுவில் சாம்பல் பூசிய மாதிரி ஒரு வெண்மை. அதே முக்காலியில் 18-55-ஐ மாட்டி 55-இல் எடுத்தேன். விளக்கு விளக்காகவும் இருட்டு இருட்டாகவும் வந்தது. இரண்டு படத்தையும் கேமராத் திரையிலேயே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு அந்தக் குளிரில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

ஈரோட்டில் கேமரா மெக்கானிக் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். டார்ச்சை அவர் தொடவே இல்லை. லென்ஸை டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்து, லேசாகச் சாய்த்து, "உள்ள பாரு சாமி" என்றார். கண்ணாடிக்குள் குட்டிக் குட்டி டியூப்லைட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. சில பச்சை, சில ஊதா, எல்லாமே மங்கல். சாய்க்கச் சாய்க்க ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் நகர்ந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும், பச்சைப் பயறில் கிடக்கும் சோற்றுப் பருக்கை மாதிரி, பளீரென்ற வெள்ளை.

"பூஞ்சை இல்ல. பூஞ்சை இருந்த எடம்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். பூஞ்சை வளரும்போது கசியும் அமிலம், எதிரொளியைக் குறைக்கக் கண்ணாடி மேல் பூசியிருக்கும் பூச்சை அரிக்கும். அப்புறம் யாரோ லென்ஸைப் பிரித்து அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். பூஞ்சையோடு பூச்சும் போய்விட்டது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பூச்சு இருந்தால் 1 சதவீதத்துக்கும் கீழே. இந்த லென்ஸில் 12 தொகுதிகளாக 17 கண்ணாடிகள். வெளிச்சம் எதிரே இருந்தால், திரும்பிய ஒளி உள்ளுக்குள் முட்டி மோதிக் கடைசியில் படத்தின் மேலேயே வந்து படியும். டார்ச் அடித்தால் இது தெரியாது, ஏனென்றால் கண்ணாடி உண்மையிலேயே சுத்தமாகத்தான் இருக்கிறது.

பிசுபிசுப்புக்கும் விடை கிடைத்தது. லென்ஸைப் பிரிக்க ஜூம் வளையத்தின் ரப்பரை உரித்தார்களாம், திரும்பப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பின்பக்க வளையத்தில் இரண்டு திருகுகளின் கருப்பு போய் வெள்ளி தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய தடம். வாங்கும்போது இதெல்லாம் என் கண்ணுக்கு நேரேதான் இருந்தது.

கடைக்குப் போனேன். "தம்பி, ஏற்காட்டுப் பனியில நனைச்சுட்டு வந்து எங்கிட்ட சொன்னா எப்படிங்க?" என்றார். வாங்கிப் பத்து நாள். பத்து நாளில் பூஞ்சை முளைத்து, வளர்ந்து, பூச்சைத் தின்று, தன்னைத்தானே துடைத்துக்கொண்டும் போயிற்றா என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னா ஆறாயிரத்துக்கு நானே எடுத்துக்கறேன்" என்றார். அங்கேதான் வியாபாரம் புரிந்தது. இந்த லென்ஸ் அந்தப் படியில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்குமோ. கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த வாரம் இன்னொருவன் டார்ச் அடித்துக்கொண்டிருப்பான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்தேன். அப்படி ஒரு விற்பனையே நடக்கவில்லை என்று கடையிலிருந்து பதில். என்னிடம் இருந்தது "எஸ்டிமேட்" என்று எழுதிய துண்டுச் சீட்டு. அதில் கடைப் பெயர் இல்லை, லென்ஸின் சீரியல் நம்பர் இல்லை. பணமோ கையில் கொடுத்தது. பெயர் போடாததற்குக் காரணம் இதுதான், நிரூபிக்க என்னிடம் காகிதம் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. ஆனால் எதை நீட்டுவது? பழைய பொருளாக இருந்தாலும் சீரியல் நம்பர் எழுதிய முறையான பில் கேளுங்கள். "ஜி.எஸ்.டி. சேந்து ரேட்டு ஏறுமே" என்று இழுத்தால் படி இறங்கிவிடுங்கள்.

கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்குள் சுவரையும் கடைக்காரர் முகத்தையும் படமெடுத்துப் பிரயோஜனம் இல்லை. வாசலுக்கு வந்து, சூரியனோ தெருவிளக்கோ படச்சட்டத்தின் ஓரத்துக்குச் சற்று வெளியே இருக்கும்படி வைத்து, ஒரு கருப்பு வண்டியை எடுங்கள். வண்டி கருப்பாக விழுகிறதா, சாம்பலாக விழுகிறதா? வாசலுக்குக் கொண்டுபோக விடவில்லை என்றால் அதுவே பதில்.

லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுக்களையிலிருந்து கடத்திய இறுக்கமூடி டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு. வெயில் முதுகில் அடிக்கும் நேரமாகப் பார்த்து எடுக்கிறேன். காட்டெருமையும் கிடைத்துவிட்டது, கொம்பு நுனி வரை தெளிவாக.

போன வாரம் மச்சினன் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "வாங்கலாமா மாமா?" என்று கேட்டிருந்தான். 70-300, சுத்தமான கண்ணாடி, டார்ச் அடித்துப் பார்த்தே எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். லென்ஸ் முழுக்கத் தேய்மானம், ஜூம் ரப்பர் மட்டும் கருகருவென்று புதுசு. "ரெண்டு பேருமாப் போவோம். கடையில டியூப்லைட் இருக்குதான்னு மட்டும் கேட்டு வை" என்று பதில் போட்டேன்.